முப்பது மீட்டர் வீரன்

பாஞ்சாலங்குறிச்சிக்காரன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முதலில் என் மீசையைப் பார்ப்பார். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. அடுத்து குரலைக் கவனிப்பார். 1959-ல் சிவாஜி கணேசன் கட்டபொம்மனாக நடித்துவிட்டுப் போனாலும் போனார், எங்கள் ஊர்க்காரர்கள் பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுகூட அடிவயிற்றிலிருந்துதான் என்று வெளியூரில் ஒரு நினைப்பு. எனக்கோ குரல் தொண்டையோடு நின்றுவிடும். வீரத்தைக் காட்ட உடம்பில் மிச்சமிருந்த ஒரே இடம் மணிக்கட்டு.

பக்கத்து ஊர் ஒட்டப்பிடாரம், 1872-ல் வ.உ.சி. பிறந்த ஊர். வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர் பிறந்த மண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் வளர்ந்த எனக்கு, தூத்துக்குடி திரேஸ்புரத்தில் கட்டிப்போட்டிருக்கும் வள்ளத்தில் சும்மா ஏறி உட்கார்ந்தாலே குமட்டும். ஒரு பக்கம் கட்டபொம்மன் கோட்டை, ஒரு பக்கம் கப்பல், நடுவில் நான். இப்படிப்பட்டவனுக்குக் காடு கரை சுற்றும் ஆசை வந்தால் முதல் வேலையாக என்ன செய்வான்? நல்ல செருப்பு வாங்க மாட்டான். தண்ணீர் கேன் வாங்க மாட்டான். வாட்ச் வாங்குவான்.

காடு கரை என்று நான் சொல்வதும் பெரிதாக ஒன்றுமில்லை. உடைமரத்துக்கும் சீமைக்கருவேலத்துக்கும் நடுவே கரிசலில் நடப்பது. வேப்பலோடை, வேம்பார் என்று கரையோரமாகப் போவது. தெரிந்த வள்ளக்காரர் இரக்கப்பட்டால் வான் தீவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவது. தீவில் கால் வைக்க முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. என்னைத் தடுக்க அரசாங்கம் சட்டம் போட வேண்டியதில்லை, ஒரு நடுத்தர அலை போதும் என்பது வேறு விஷயம்.

முதல் பலி அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுக்கிற வாட்ச். 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் கூட்டோடு பெங்களூரில் அரசாங்கம் தொடங்கிய தொழிற்சாலை அது. ஒரு தலைமுறைக்கே கல்யாணத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் மணி பார்க்கக் கொடுத்தது. அப்பாவுக்கு அந்த ஜனதா மாமனார் வீட்டுச் சீர். முகம் கழுவப் போனால்கூடக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத்தான் போவார். அவர் பணி ஓய்வு பெற்ற பிறகு அது என் கைக்கு வந்தது. அந்தக் காலத்துப் பொருள், கல்லு மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி உப்பளத்துக்குக் கட்டிக்கொண்டு போனேன். கோடை, காற்று, பாத்தியிலிருந்து பறந்து வரும் உப்புப் பொடி. சாவியின் கழுத்துவழியாக எவ்வளவு உள்ளே போனதோ, சில வாரங்களில் முட்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. அப்பா கோபப்படவில்லை. "அது ஆபீஸ் போற வாச்சுல்லா. அத எதுக்குல உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போன?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. அதைப் புரிந்துகொண்டிருந்தால் அடுத்தடுத்த செலவுகள் மிச்சமாகியிருக்கும். எனக்குப் புரிந்தது வேறு: அப்பாவின் வாட்சில் பலம் போதவில்லை, நான் பலமான வாட்ச் வாங்க வேண்டும்.

தூத்துக்குடியில் ஒரு கடை. பெயர் வேண்டாம், தப்பு என்மேல்தான். பளபளவென்று எஃகு நிறத்தில் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். திருப்பிப் பார்த்தேன். பின்மூடியில் நீர் புகாது, 30 மீட்டர் என்று பொறித்திருந்தது. அந்த நொடியில் எனக்குள் இருந்த சரித்திர ஆராய்ச்சியாளன் விழித்துக்கொண்டான். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி கிடக்கும் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கும். என் வாட்ச் 30 மீட்டர். ஆக, பாண்டியன் காலத்தில் பிறந்திருந்தால் இந்த வாட்சோடு கொற்கைக் கடலில் இறங்கி முத்து எடுத்துவிட்டு, 5 மீட்டரை மிச்சமும் வைத்துக்கொண்டு ஏறியிருப்பேன். கணக்கு சரியாக இருந்தது. நீச்சல் தெரியாது என்ற சில்லறை விவரத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு முத்துக்குளிப்பைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிந்தேன். கேட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய அளவுக்குப் பேசினேன். இரவில் நிலக்காற்றில் பாய் விரித்துக் கிளம்பி, விடியும்போது பாரில் நங்கூரம் போட்டு, நண்பகலுக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் கரை திரும்புவார்கள் என்பேன். கல்லில் காலை மாட்டி ஒருவர் இறங்க, இன்னொருவர் மேலே மூச்சு வாங்கிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பார் என்பேன். சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளைப் பற்றிச் சொல்வேன். அப்படிப்பட்டவர்களை மார்க்கோ போலோவே எழுதி வைத்திருக்கிறார் என்று கூடுதலாக ஒரு போடு போடுவேன். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கிய அதே ஆண்டு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது; ஆனாலும் சம்பந்தம் இருப்பதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வேன்.

30 மீட்டர் வாட்ச், பெயரளவில் மட்டும் தீவான முயல் தீவுக் கடற்கரையில் செத்தது. முழங்கால் ஆழம். நல்ல வெயிலில் வெகுநேரம் மணலில் நின்றிருந்தேன், கூடு தொட்டால் சுடுகிற அளவுக்குக் காய்ந்திருந்தது. குழந்தைகள் எல்லாம் தண்ணீரில் நிற்கின்றன, நாமும் இறங்குவோம் என்று இறங்கினேன். கால் வழுக்கிற்று. விழாமல் இருக்க, கையைத் தண்ணீரில் ஓங்கி அடித்தேன். எழுந்து மணி பார்த்தால் கண்ணாடிக்குள் பனி படர்ந்திருந்தது. சாயங்காலம் அந்தப் பனி சொட்டாயிற்று. மறுநாள் டயலில் துரு. கொற்கைக் கடலில் முத்தெடுக்கப் போன வாட்ச், அரை மீட்டர் தண்ணீரில் உயிரை விட்டது.

பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டே பேசுவார், நாம் இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டார். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு அரைக்கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு போனேன்.

"எங்க போட்டீரு?"

"முயல் தீவு. முழங்கால் தண்ணிதான் அண்ணாச்சி. முப்பது மீட்டர்னு போட்டிருக்கே."

"முப்பது மீட்டர்னா நீரு முப்பது மீட்டர் எறங்கலாம்னா அர்த்தம்? கை கழுவலாம். மழையில நனையலாம். அவ்வளவுதான்."

பிறகு அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டர் என்பது அசையாத தண்ணீரில், புது வாட்சுக்கு, அந்த அளவு அழுத்தம் கொடுத்துப் பார்த்த கணக்கு. ஆழத்துக்கான அனுமதிச் சீட்டு இல்லை. கையை ஓங்கி அடித்தால் அந்த நொடியில் அழுத்தம் தாறுமாறாக ஏறும். அதைவிட மோசம் சூடு. வெயிலில் காய்ந்த கூட்டுக்குள் இருக்கும் காற்று, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருங்கும். சுருங்கும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். ரப்பர் வாஷர் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும். 50 மீட்டர் போட்டிருந்தால் நீந்தலாம், 100 மீட்டர் என்றால் கடலில் தைரியமாக இறங்கலாம். உண்மையான முக்குளிப்பு வாட்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்று தனித் தரம் இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர், அதிலும் பொறித்த அளவைவிட நாலில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தத்தில், ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும்.

பெரியவர் கடைசியாகத் தலையை நிமிர்த்தி, "கடல்ல எறங்கினா வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவும்" என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

அடுத்த வாட்சைக் கோட்டைதான் எனக்கு வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஊரில் இன்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளும் கோட்டை 1974-ல் அரசாங்கம் கட்டிய நினைவுச் சின்னம். பழைய கோட்டை அடித்தளமாகத் தரையோடு கிடக்கிறது. அது மண் கோட்டை. 1799-ல் ஆங்கிலேயத் தளபதி பானர்மேன் படையெடுத்து வந்ததையும், அந்த அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதையும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கடுத்த பாகத்தைத்தான் எங்கள் ஊரில் அதிகம் பேசுவோம். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப் போட்டிருந்த கோட்டையை ஆறே நாளில் எழுப்பினார். மண்ணும் வைக்கோலும் ஆட்களும். மார்ச் 31-ல் மெக்காலேயின் படை பீரங்கியால் சுவரில் வழி உண்டாக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தது, முடியாமல் திரும்பியது. மே மாதம் அக்னியூ இன்னும் பெரிய படையோடு வந்துதான் பிடிக்க முடிந்தது.

ஜப்பானில் கிக்குவோ இபே என்ற பொறியாளர் கதையைப் படித்தபோது எனக்கு இந்த மண் சுவர்தான் நினைவுக்கு வந்தது. அப்பா வாங்கிக் கொடுத்த வாட்ச் கீழே விழுந்து சிதறியதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. விழுந்தாலும் உடையாத வாட்ச் செய்கிறேன் என்று 1981-ல் கேசியோ கம்பெனியில் தொடங்கினார். செய்வது, மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னலிலிருந்து கீழே போடுவது, ஓடிப்போய்ப் பொறுக்குவது. இப்படி ஏறக்குறைய 200 மாதிரிகள். கூட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போனதில் பயன் இல்லை. ஒருநாள் பூங்காவில் ஒரு சிறுமி பந்து விளையாடுவதைப் பார்த்தாராம். பந்தின் மேல்பக்கம் அடி வாங்குகிறது, நடுவில் இருக்கும் காற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. இயந்திரத்தைக் கூட்டோடு ஒட்டாமல், சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு உள்ளே மிதக்கவிட்டார். வெளியே மென்மையான யூரித்தேன். 1983-ல் முதல் ஜி-ஷாக் வந்தது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழலாம், 10 வளிமண்டல அழுத்தம் தாங்கும், செல் 10 ஆண்டு வரும் என்பது இலக்கு. இறுக்கமாகக் கட்டிய கருங்கல் சுவரில் குண்டு பட்டால் சில்லு தெறிக்கும். மண் சுவர் குண்டை வாங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். ஊமைத்துரையின் கொத்தனார்களுக்கு இபே வந்து பாடம் எடுக்கவில்லை.

இவ்வளவு தத்துவம் கண்ட பிறகு வாங்காமல் இருக்க முடியுமா? அந்தச் சாயலில் ஒரு வாட்ச் வாங்கினேன், இன்னொரு கம்பெனியுடையது. கொஞ்சம் விலை அதிகம். விலை அதிகமான பொருளை என்ன செய்வோம்? பீரோவில் வைப்போம். உண்மையான பயணத்துக்கு என்று எடுத்து வைத்தேன். கரிசலில் சும்மா நடக்கும்போது எதற்கு, முள் கீறிவிடும். வள்ளத்தில் எதற்கு, உப்பு படும். கல்யாணத்துக்குக் கட்ட முடியாது, மனைவி விடவில்லை. பட்டு வேட்டிக்கும் அதற்கும் ஆகாது. ஆண்டுகள் ஓடின. ஒருநாள் அந்த உண்மையான பயணம் வந்தேவிட்டது என்று பீரோவைத் திறந்து எடுத்தால், பட்டை கையோடு பொடிந்து வந்தது. ஈரக்காற்றில் அந்த வகைப் பிளாஸ்டிக் தானாகவே இற்றுப் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. கட்டினாலும் இறும், கட்டாவிட்டாலும் இறும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாத ஜாதியை, அந்துருண்டை வாசனையில் தூங்க வைத்தே கொன்ற பெருமை எனக்கு உண்டு.

இனி முள் வாட்ச். இது வாட்ச் செய்த குற்றமே இல்லை. மலையேறுகிறவர்களுக்கான வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் ஒரு வித்தை படித்தேன். வாட்சை மட்டமாகப் பிடித்து மணி முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்ப வேண்டும். முள்ளுக்கும் 12-க்கும் நடுவே கோடு போட்டால் அதுதான் தெற்கு. திசைகாட்டியே வேண்டாம். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கயத்தாறுக்குக் குறுக்கே நடந்து போகலாம் என்று நெடுநாள் ஆசை. கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். அவரை இந்த வழியாக யாரும் கூட்டிப் போகவில்லை. அதையெல்லாம் யோசித்தால் நடக்க முடியாது. கயத்தாறு மேற்கே. வைகாசி மாதம் கிளம்பினேன். மாதத்தைக் கவனியுங்கள்.

புத்தகம் எழுதியவர் இங்கிலாந்துக்காரர். அவர் ஊரில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும். நமக்கு அப்படியா? சித்திரை பிறந்ததும் சூரியன் தூத்துக்குடி உச்சந்தலைக்கு வந்துவிடும். பிறகு வடக்கே தாண்டிப் போய், ஆவணி நடுவாக்கில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். போதாததற்கு நம் வாட்ச் காட்டுவது 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரம். தூத்துக்குடி அதற்கு மேற்கே நான்கு டிகிரிக்கு மேல் தள்ளி இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 17 நிமிடம் தாமதம். இதையெல்லாம் நான் திரும்பி வந்த பிறகு காகிதத்தில் படம் போட்டுக் கண்டுபிடித்தேன். நடந்தபோது மணி 11. முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன், பாதியில் கோடு கிழித்தேன், அது தெற்கு என்று நம்பினேன், அதற்கு வலப்பக்கம் மேற்கு என்று விறுவிறுவென்று நடந்தேன். அந்தத் 'தெற்கு' உண்மையில் கிழக்கை ஒட்டிய வடகிழக்கு.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி தூரத்திலிருந்தே கூப்பிட்டார். "எய்யா, இந்த வேகாத வெயில்ல எங்க போற?"

"கயத்தாறு."

பாட்டி ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கயத்தாறுக்குப் போறவன் காலையில வெயில முதுகுல வாங்கிக்கிட்டுல்லா நடக்கணும். நீ என்னய்யா தூத்துக்குடிப் பக்கம் போயிட்டிருக்க?"

தூத்துக்குடி ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். அந்தப் பாட்டி வாழ்நாளில் வாட்ச் கட்டியிருக்க மாட்டார் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் கட்டியிருந்தார். சின்ன டிஜிட்டல் வாட்ச், பேரனுடையதாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு மனிதன் திருந்தியிருக்க வேண்டும். நான் உயரமானி, காற்றழுத்தமானி, திசைகாட்டி, செயற்கைக்கோள் வழிகாட்டி எல்லாம் அடங்கிய வாட்சுக்குப் போனேன். தவணையில். எவரெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் கட்டுவது என்று விளம்பரம். எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. ஏறுவதற்கு இருப்பது கோட்டையின் படிக்கட்டு மட்டும்தான். இருந்தாலும் உயரமானி வேண்டும்.

முதல் நாளே அதிசயம். நினைவுக் கோட்டை நிழலில் காலையில் போய் உட்கார்ந்தவன் மாலை வரை அங்கேயே இருந்தேன், கடலை மிட்டாய் தின்ன வாயை அசைத்ததைத் தவிர வேறு அசைவு இல்லை. வாட்ச் நான் 30 மீட்டர் மேலே ஏறிவிட்டதாகச் சொல்லிற்று. மறுநாளும் ஏறினேன். இரவில் தூங்கும்போது இறங்கினேன். பிறகுதான் விளக்கக் குறிப்பைப் படித்தேன். வாட்ச் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து, அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறியதாகக் கணக்குப் போடுகிறது. நம்மைப்போல வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்குப் புயலே வேண்டாம், தினமும் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நடுவே அழுத்தம் 3, 4 மில்லிபார் தானாக இறங்கும். தெரிந்த உயரத்தில் அவ்வப்போது திருத்தி வைக்க வேண்டும். திருத்தாதவன் திண்ணையில் உட்கார்ந்தே இமயமலை ஏறலாம்.

ஐப்பசியில் ஒருநாள் வழக்கத்தைவிட வேகமாக ஏற ஆரம்பித்தேன். இம்முறை எனக்கு அறிவு வந்திருந்தது. அழுத்தம் விழுகிறது, கடலில் ஏதோ நடக்கிறது, ஊரை எச்சரிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனேன். வள்ளங்களை எல்லாம் ஏற்கெனவே கரைமேல் இழுத்துப் போட்டுவிட்டு ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு முந்தின நாளே ஏற்றியாயிற்று, வானொலியிலும் சொல்லிவிட்டார்கள். மூச்சு வாங்க என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். வள்ளக்காரர் மரியாதையாக என் வாட்சைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல கிரிக்கெட் ஸ்கோர் வருமா அண்ணாச்சி?" என்றார்.

அதே வள்ளக்காரரிடம் இன்னொரு முறையும் மானம் போயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கு வள்ளம் கிளம்பும், வந்தால் கூட்டிப் போகிறேன் என்றிருந்தார். அலாரம் வைத்தேன். சரியாக மூன்று மணிக்கு அடித்தது, பிற்பகல் மூன்று மணிக்கு. முன்னிரவே தூத்துக்குடி வந்து உறவினர் வீட்டில் படுத்திருந்தும் பயனில்லாமல் போயிற்று. நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வள்ளம் மீனோடு திரும்பியிருந்தது, ஆட்கள் வலையையும் உதறி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கம் 'செட்டியைக் கொன்ற வெள்ளி' என்று ஒன்று சொல்வார்கள். விடிவெள்ளிக்கு முன்னால் உதித்து, அதைப்போலவே மினுக்கும். அதைப் பார்த்து விடிந்துவிட்டது என்று நடுச்சாமத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஒரு செட்டியார், வழியில் கள்ளர்களிடம் மாட்டி உயிரை விட்டார் என்பது கதை. வள்ளக்காரர் வலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வெள்ளி செட்டியார முன்னாலயாவது எழுப்பி விட்டுச்சு. ஒம்ம வாச்சு அதுகூடச் செய்யலயே."

இப்போது என் கையில் இருப்பது சாதாரண டிஜிட்டல் வாட்ச். 100 மீட்டர் போட்டது. பெரிய எழுத்து. உயரம் காட்டாது, திசை காட்டாது, என்னைப் பாராட்டாது. பழுது பார்க்கும் பெரியவர்தான் தேர்ந்து கொடுத்தார். அவர் பார்த்த விதமே வேறு. முகப்பைப் பார்க்கவே இல்லை. பட்டை மாட்டும் பின்னை நகத்தால் தள்ளிப் பார்த்தார். உப்புக்காற்றில் முதலில் துருவேறி முறிவது அதுதான், பின் போனால் ஆயிரம் மீட்டர் வாட்சும் கடலுக்கு அடியில்தான் என்றார். பின்மூடி அமுக்கி மூடுவதா, திருகு போட்டதா என்று பார்த்தார். எஃகு என்று சொல்லி முலாம் பூசிய மட்டமான உலோகத்தைத் தலையில் கட்டுவார்கள், வியர்வை பட்டதும் நிறம் போகும் என்பதால் பட்டை மாட்டும் காதுப் பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தார். தோல் பட்டையைக் கண்டதும் தள்ளி வைத்தார். தண்ணீருக்குள் பொத்தானை அமுக்காதே என்றார். மோட்டார் சைக்கிள் டாங்க் மேல் வெயிலில் வைக்காதே, எழுத்துத் திரை கறுத்துப் போகும் என்றார். முக்கியமாக, செல் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வாஷரை மாற்றச் சொன்னார். கடைக்காரர்கள் பலர் செல்லை மட்டும் போட்டு மூடிக் கொடுத்துவிடுவார்கள், நாமும் கேட்பதில்லை. பழைய வாஷரோடு இருக்கிற 100 மீட்டர் வாட்ச், 30 மீட்டரைவிடக் கேவலம்.

அவர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். கடலிலிருந்து வந்ததும் கழுவவும் செய்தேன், தவறாமல். அப்படியும் ஒரு வருஷத்துக்குள் பொத்தான்கள் இறுகிப்போய் அமுக்க வரவில்லை, பட்டைப் பின்னின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன்.

"கழுவினீரா?"

"தெனமும் அண்ணாச்சி."

"எந்தத் தண்ணில?"

வீட்டு போர் தண்ணீரில். ஒட்டப்பிடாரம் சுற்றுவட்டாரத்தில் போர் போட்டவர்களுக்கு அந்தத் தண்ணீரின் ருசி தெரியும். கடலில் பட்ட உப்பை நிலத்தடி உப்பால் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். பெரியவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்து என்னை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆகவே, எங்கள் கரைப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ன வாட்ச் வேண்டுமானாலும் வாங்குங்கள், 100 மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். கடலுக்கு மட்டும், குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துப் போங்கள்.